செஞ்சியும் ஹைடல்பர்க்கும்

அமாவாசைதோறும் மேல்மலையனூரில் அங்காளபரமேசுவரிக்கு நடைபெறும் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்தைத் தரிசிக்கும் பொருட்டு, சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பேருந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு புறப்படும் பல்லாயிரம் பக்தர்களில் பெரும்பாலோர் செஞ்சியைக் கடந்தே செல்கிறார்கள். பேரளவான உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்த மூன்று குன்றுகளும், அவற்றை இணைத்து ஓடும் மதிலும், மதிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கல்யாண மகாலின் கோபுரமும் அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. ஆயினும் அம்மனிடம் போய்ச் சேரும் அவசரத்தில் அங்கே இறங்கிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அதே வேளையில், வசதி படைத்த நம்மவர்கள் பலர் கோடை விடுமுறையில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து சென்று, ரைன் நதிக்கரையிலும் நெக்கர் நதிக்கரையிலும் இடிந்து நிற்கும் கோட்டைகளை மெய்ம்மறந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அதை நான் குறைகூறவில்லை. அந்தக் கோட்டைகள் காணத் தக்கவையே. அவை உலகோர் கண்டு களிக்கும் ஸ்தலங்களாக ஆன சரித்திரத்தை அறிந்தால், செஞ்சியின்பால் நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னதென்று தெளிவாகும்.

ஜெர்மனியில் நெக்கர் நதி பள்ளத்தாக்கை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில், பச்சைக் காடு சூழ்ந்த மலைச்சரிவில், செந்நிற மணற்கல்லால் எழுந்தது ஹைடல்பர்க் கோட்டை. பாலட்டினேட் அரசர்களின் இருப்பிடமாக விளங்கிய அதனை, பதினான்காம் லூயி மன்னனின் பிரெஞ்சுப் படைகள் 1689-இலும் மீண்டும் 1693-இலும் வெடிவைத்துத் தகர்த்தன. பிறகு ஓரளவு செப்பனிடப்பட்ட பகுதியும் 1764-இல் இடி விழுந்து எரிந்துபோக, ஊரார் அதன் கற்களைப் பெயர்த்துத் தம் வீடுகளுக்குக் கொண்டுசெல்லலாயினர். இன்னும் ஒரு நூற்றாண்டு அவ்வாறே விடப்பட்டிருந்தால், ஹைடல்பர்க்கில் இன்று பார்ப்பதற்கு மலைச்சரிவைத் தவிர வேறொன்றும் எஞ்சியிராது.

அந்தக் கோட்டை தகர்க்கப்பட்ட அதே ஆண்டுகளில்தான் செஞ்சியும் முற்றுகையில் சிக்கியிருந்தது என்பது என் நெஞ்சைவிட்டு அகலாத செய்தி. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் வளர்த்த இந்நகரை 1597-இல் கண்ட ஏசு சபைப் பாதிரியார் பிமென்டா, இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களுள் இதுவே மிகப் பெரியதென்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாதென்றும் எழுதிவைத்தார். 1649-இல் பீஜப்பூர் சுல்தானிடமும், 1677-இல் சிவாஜியிடமும் கோட்டை கைமாறிற்று. சிவாஜியின் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இதனையே தன் ராஜதானியாகக் கொண்டபோது, அவனைப் பிடிப்பதற்கென்று ஔரங்கசீப் அனுப்பிய ஜுல்பிகார்கான் 1690-இல் மதிலுக்கு வெளியே பாளையம் இறங்கினான். 1698-இல்தான் அவனால் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள் ராஜாராம் வேலூருக்குத் தப்பிவிட்டான்.

எட்டாண்டுக் காலம் ஒரு பேரரசின் சேனையைத் தடுத்து நிறுத்திய வலிமை எங்கிருந்து வந்ததென்பதை, ராஜகிரியின் உச்சிக்கு ஏறுபவர் தம் கால்களாலேயே உணர்ந்துகொள்வார். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அக்குன்றின் சிகரத்தை எட்டும் தறுவாயில் ஆழமான ஒரு பிளவு வழியை மறிக்கிறது. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால், மேலே இருக்கும் சில வீரர்கள் கீழே நிற்கும் பெரும்படையையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, ராஜகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். நெற்களஞ்சியங்களும் குளங்களும் மண்குழாய்களின் வழியே மேல்நிலைக்கு நீர் கொண்டுபோன ஏற்பாடும், முற்றுகையிடுபவனே முதலில் பட்டினி கிடக்க நேரும் என்னும் கணக்கில் செய்யப்பட்டவை.

இவ்வளவும் கல்லின் பெருமை. மக்கள் மனத்தில் செஞ்சியை நிலைநாட்டியதோ, தோற்றுப்போன ஓர் இளைஞனின் கதை. செஞ்சியை ஆண்ட புந்தேலா ராஜபுத்திரனான தேஜ்சிங், நம் நாவில் தேசிங்கு ராஜன், கப்பம் கட்ட மறுத்து ஆற்காட்டு நவாப் சாததுல்லாகானை எதிர்த்து 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மடிந்தான். அவனுக்காக அவனது முகம்மதிய நண்பனும் உயிர்விட்டான். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்னும் ஊருக்கு அவளால் பெயர் வந்ததென்பர். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த கோவிலில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதர், இந்தப் போருக்குப் போகாதே என்று தடுத்தும் அவன் கேளாமையால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அவ்வூரார் இன்றும் காட்டுகிறார்கள். தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட இச்சரிதம், 1960-இல் எம். ஜி. ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தது.

ஹைடல்பர்க்குக்கும் புத்துயிர் அளித்தவற்றுள் பாடல் ஒன்று. ஆர்னிம், பிரென்டானோ என்னும் இரு கவிஞர்கள் அவ்வூரில் இருந்துகொண்டு ஜெர்மானிய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து 1805 முதல் 1808 வரை வெளியிட்ட நூல், இடிபாடுகளைப் பார்க்கும் கண்ணையே மாற்றியது. சிதிலம் அவலமாகத் தோன்றுவது நின்று, சிதிலத்தில் ஒரு சௌந்தரியம் தெரியலாயிற்று. 1810-இல் அங்கே வந்து சேர்ந்த சார்ல் த கிரேம்பர்க் என்னும் பிரபுவோ பிரெஞ்சுக்காரர்; தம் நாட்டார் தகர்த்த கோட்டையைச் சித்திரமாகத் தீட்டி, அச்சிட்டு ஐரோப்பா எங்கும் பரப்பி, கற்களைப் பெயர்ப்பவர்களைத் தடுத்து, சிதறிய பொருள்களைச் சேகரித்து, 1864-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் சேர்த்தவையே அந்நகரின் அருங்காட்சியகத்துக்கு அடிப்படையாயின. அந்தச் சித்திரங்கள் பிரயாணிகளைக் கூட்டம் கூட்டமாய் இழுத்துவந்தன. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டையை முழுதும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று சிலர் கிளம்பியபோது, கலை வரலாற்றறிஞர் டேஹியோ போன்றோர் உள்ளதை உள்ளவாறே காப்பதுதான் முறை என்று வாதாடி, பெரும்பகுதியை அவ்வண்ணமே நிறுத்தினார்கள்.

அதே பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக்கும் வந்தார்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைக் கைப்பற்றினார். 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோவிலின் கல்தூண்கள் பெயர்க்கப்பட்டுப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தன. இன்று கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்களே. அவற்றின் வேலைப்பாட்டைப் புகழ்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு அவை பிறந்த இடத்தைச் சொல்வார் இல்லை. செஞ்சிக்கு ஒரு கிரேம்பர்க் வாய்க்கவில்லை. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-இல் ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாறு மதிக்கத்தக்க பேருழைப்பு. ஆனால் அறிஞர்களின் அலமாரியைத் தாண்டி ஊராரிடம் அது வந்து சேரவில்லை என்றே நான் கருதுகிறேன். 1921 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் கற்கள் பிழைத்திருக்கின்றன. கற்களைப் பேசவைக்கும் முயற்சிதான் இன்னும் நடைபெறவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றே. ஹைடல்பர்க் கோட்டை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆயினும் உலகத்தார் அறிந்தது அதனைத்தான். பட்டம் கிடைத்துவிட்டதென்று நாம் ஓய்ந்துவிடலாகாது. தேசிங்கு கதைப்பாடலை இன்றும் பாடவல்ல கலைஞர்களை அழைத்து ராஜகிரி அடிவாரத்தில் பாடவைக்க வேண்டும். கோட்டையின் வரலாற்றைச் சிறுவரும் படிக்கத் தக்க எளிய தமிழில் சிறு நூலாக அச்சிட்டு வாயிலிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். புதுச்சேரித் தூண்களின் அருகே அவற்றின் பிறப்பிடத்தைச் சொல்லும் ஒரு பலகையேனும் நாட்ட வேண்டும்.

மேல்மலையனூர் செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரமே. ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவில். அடுத்த அமாவாசைக்கு அம்மனைத் தரிசிக்கப் புறப்படும் அன்பர்கள் காலையிலேயே கிளம்பி, வெயில் ஏறுமுன் செஞ்சியில் இறங்கி, குழந்தைகளை ராஜகிரியின் மேல் அழைத்துச் சென்று, தேசிங்கின் கதையைத் தம் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லிவிட்டு மலையனூருக்குப் போகும்படி வேண்டிக்கொள்கிறேன்.