சாவி யார் கையில்?



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். பெயர் வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு நிற போர்ஷே கார். டிரைவர் சீட்டில் பிளஸ் டூ படிக்கும் அவர் மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "சார், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று கேட்டிருந்தார். நானும் கைகூப்புகிற படத்தைப் போட்டுவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. டிவிஎஸ் 50-ஐத் தவிர வேறெதுவும் ஓட்டாத வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். வண்டி தெரியாது, சரித்திரம் கொஞ்சம் தெரியும்.

1955-இல் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் டீன், வயது 24. செப்டம்பர் மாதம் போர்ஷே 550 ஸ்பைடர் என்ற பந்தயக் கார் வாங்கினார். ஏறக்குறைய 550 கிலோதான் எடை, உயரம் நம் இடுப்பளவு. அதே மாதம்தான், சாலையில் கவனமாக ஓட்டுங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லும் ஒரு விளம்பரப் படத்திலும் பேசினார். செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் சாலினாஸ் என்ற ஊர்ப் பந்தயத்துக்குப் புறப்பட்டார். காரை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போவதாகத்தான் முதலில் ஏற்பாடு. புது வண்டி, கை பழகட்டும் என்று ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனார். மத்தியானம் மூன்றரை மணி வாக்கில் போலீஸ்காரர் நிறுத்தி, 55 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 65-இல் போனதற்கு அபராதச் சீட்டு கொடுத்தார். அதிலிருந்து இரண்டு மணி நேரம் சுமாரில், சோலேம் என்ற இடத்துச் சாலைச் சந்திப்பில், எதிரே வந்த ஃபோர்டு கார் இடப்பக்கம் திரும்பியது. அதில் மோதி டீன் இறந்தார். கூட வந்த மெக்கானிக் பலத்த காயத்தோடு பிழைத்தார். ஃபோர்டை ஓட்டிய கல்லூரி மாணவர், அந்தக் கார் கண்ணில் படவே இல்லை என்றார். மாலை வெளிச்சத்தில், தரையோடு தரையாக வரும் வெள்ளி நிறக் கார். பொய் சொன்னார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இதில் வேகம் எவ்வளவு என்று இன்னும் விவாதிக்கிறார்கள். அதை விடுங்கள். தாழ்வான காரில் போகிறவன், எதிரில் வருபவனுக்கு நான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும். சாதா காரில் இவ்வளவு கவலை இல்லை.

அடுத்தது 1975. போர்ஷே 911 டர்போ, 260 குதிரைத்திறன். மனைவியைக் கைம்பெண்ணாக்கும் வண்டி என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. காரணம் எளிது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? நுகத்தடி மேலே தூக்கும். இந்தக் காரிலும் எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. போதாததற்கு, ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போவின் சக்தி உடனே வராது. வளைவில் ஒருவர் மிதிக்கிறார், வேகம் வரவில்லை. இன்னும் மிதிக்கிறார். திடீரென்று மொத்தமாக வருகிறது. பயந்துபோய்க் காலை எடுக்கிறார். அதுதான் தப்பு. காலை எடுத்ததும் பாரம் முன்பக்கம் சாய, பின் டயரின் பிடி விட்டுப்போய், வால் சுழன்றுவிடும். பயந்தால் காலை எடுப்பது மனித இயல்பு. இந்த வண்டியில் அந்த இயல்பே எமன். ஓட்டிப் பழகாமல் இதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

பிறகு எலக்ட்ரானிக்ஸ் வந்தது. 1995 முதல், வண்டி சறுக்கும்போது தானே ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈ.எஸ்.பி. என்ற ஏற்பாடு மெர்சிடிஸில் வந்து, மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. ஆனால் போர்ஷே 2003-இல் தயாரிக்கத் தொடங்கிய கரேரா ஜிடி காரில் அதை வைக்கவில்லை. 612 குதிரைத்திறன்! 2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கர் அந்தக் காரில்தான் இறந்தார். ஓட்டியவர் அவருடைய நண்பர், பந்தய அனுபவம் உள்ளவர். அவரும் இறந்தார். 45 மைல் எல்லையில் 80 முதல் 93 மைல் வேகம் என்று விசாரணை சொன்னது. வண்டியில் கோளாறு இல்லை. டயருக்கு மட்டும் ஒன்பது வயது.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட கார்கள் அதிகம் ஓடுவதில்லை, ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும். பட்டன் தேயாது, பார்க்கப் புது டயர்போலவே இருக்கும். ஆனால் ரப்பர் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே வரும். எத்தனை எலக்ட்ரானிக்ஸ் இருந்தாலும், தரையைப் பிடித்திருப்பது கடைசியில் அந்த நாலு ரப்பர்தானே!

நம் நாட்டுக்கு வருகிறேன். 2024 மே 19, புனே. 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே டைகான் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் என்ஜினியர்கள் இறந்தார்கள். சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி முதலில் ஜாமீன் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? கட்டுரை எழுதவைத்தே காலம் தள்ளியவன் சொல்கிறேன், தண்டனைக் கட்டுரை எழுதித் திருந்திய பையன் ஒருவன்கூட என் நினைவில் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த உத்தரவு மாறியது, தந்தையும் கைதானார். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு தெளிவாக இருக்கிறது: 18 வயது ஆகாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

தம்பி, உன்மேல் கோபம் இல்லை. ஏழாம் வகுப்பில் செருப்பில்லாமல் வந்தவன் இந்தக் கார் வாங்கியிருக்கிறாய், எனக்குப் பெருமைதான். சாவியை மகனுக்கு எட்டாத இடத்தில் வை. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்க எண் இருக்கும். 3514 என்றால் 2014-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செய்தது. நாலு டயரையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.