கிள்ளான் எழுச்சியும் கூலி உரிமையும்

மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் 1941ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. உலகப் போரினால் ரப்பருக்குத் தேவை பெருகியது, விலைவாசியும் ஏறியது. பால்மரம் சீவிய தமிழரின் நாட்கூலியோ ஏறத்தாழ 50 காசாகவே இருந்தது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர் கூடுதலாகப் பெற்றனர்.

சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றைத் தொழிலாளர் கோரினர். துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். கூலியும் மானமும் ஒரே பட்டியலில் நின்றன.

மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படையினர் வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின. போராட்டம் ஒடுக்கப்பட்டது, கோரிக்கை மடியவில்லை. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அதனைப் பேச்சுவார்த்தை வழியே தொடர்ந்தது.

சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700 ஆக உயர்ந்தது. இவ்வெண்களை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், சைக்கிளினின்று இறங்க மறுத்தோரின் கதையையும் உடன் கூறுதல் வேண்டும்.