நாக்பூர் ஆரஞ்சும் அடர் நடவும்: வேர்ச்செடியை மறந்த கணக்கு

மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதி ஆரஞ்சுத் தோட்டங்களை நவீனப்படுத்தும் பேச்சு பெரும்பாலும் இடைவெளிக் கணக்கில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வழக்கமான 6×6 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 277 மரங்கள். 6×3 ஆக்கினால் 555. தொடக்கக் காய்ப்புகளில் மகசூல் கூடும், போட்ட முதல் சீக்கிரம் திரும்பும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆப்பிளில் அடர் நடவு வேரூன்றியது, மரத்தைக் குட்டையாகவே நிறுத்தும் எம்.9 போன்ற வேர்ச்செடிகளின் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடிகளின்) துணையால். நாக்பூர் ஆரஞ்சுக்கு அப்படியொரு வேர்ச்செடி இன்னும் வாய்க்கவில்லை. அடர் நடவின் மற்றச் சிக்கல்கள் பலவும் இந்தக் குறையிலிருந்தே கிளைக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்பகுதியில் ஜம்பேரி எலுமிச்சையின் மீது கண் ஒட்டுக் கட்டிய கன்றுகளே பரவலாக நடப்படுகின்றன. ஜம்பேரி வறட்சியைத் தாங்கும், சுண்ணாம்பு மண்ணோடு ஒத்துப்போகும், மரத்தை வேகமாக வளர்க்கும். நாக்பூர் ரகமோ இயல்பிலேயே நிமிர்ந்து உயர்வது. மூன்று மீட்டர் இடைவெளியில் இம்மரங்கள் சில ஆண்டுகளிலேயே கிளை கோத்துக்கொள்ளும். ஆரஞ்சு காய்ப்பது பெரும்பாலும் வெயில் படும் வெளிக்கிளைகளில். உட்புறம் நிழலானதும் சுள்ளிகள் காய்ந்து, காய்ப்பு உச்சிக்கு ஏறிவிடும். பறிக்க ஏணி வேண்டும். கவாத்து செய்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். முதிர்ந்த துளிர்களில்தான் அடுத்த பூ பிடிக்கும் என்பதால், வரிசையைச் சுவர்போல் வெட்டுகிறவர் வரப்போகும் காயையும் சேர்த்தே வெட்டுகிறார். ஒன்றுவிட்டு ஒரு மரத்தைப் பிற்பாடு எடுத்துவிடலாம் என்ற யோசனையும் உண்டு. திட்ட அறிக்கையில் அது ஒரே வரி. காய்த்துக் குலுங்கும் மரத்தில் கோடரி வைக்க விவசாயிக்குக் கை வருமா?

குட்டையாக்கும் வேர்ச்செடி ஆரஞ்சு இனத்தில் அறவே இல்லை என்பதல்ல. மூவிலை ஆரஞ்சின் ‘ஃபிளையிங் டிராகன்’ வகை மரத்தை நன்றாகவே அடக்கும். வேரழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோராவையும் எதிர்த்து நிற்கும். ஜம்பேரியோ அந்நோய்க்கு எளிதில் இரையாவது. ஆயினும் மூவிலை ஆரஞ்சுக்குச் சுண்ணாம்பு ஆகாது. இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். விதர்பாவின் கரிசலில் பல இடங்களில் மண்ணைக் கிளறினாலே சுண்ணாம்புக் கற்கள் தட்டுப்படும்.

வடிகாலையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். களி மிகுந்த கரிசல் மழையில் ஊதி, நீரை வடியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பைட்டோப்தோராவின் வித்துகள் அந்த நீரில் நீந்தியே வேரைச் சேர்கின்றன. அடிமரத்தில் பிசின் வடிவது கண்ணில் படும்போது மண்ணுக்குள் உறிஞ்சு வேர்கள் அழுகியிருக்கக்கூடும். மரங்கள் நெருங்கிய தோட்டத்தில் ஒன்றின் நோய் அடுத்ததற்குப் போகும் தொலைவும் பாதியாகிறது. மேட்டுப்பாத்தி, தரையிலிருந்து உயர்த்திய ஒட்டுப்பகுதி, தண்டை நனைக்காமல் இருபுறமும் தள்ளி ஓடும் சொட்டுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் இல்லாமல் 555 மரங்களை நடுவது, நோய்க்கு இருமடங்கு இடம் கொடுப்பதாகவே முடியும். இவை மூன்றும் 277 மரத் தோட்டத்துக்கும் உடனே பயன் தருபவை. இடைவெளியைக் குறைக்கும் முன்பே செய்யத் தக்கவை.

ஆகவே அடர் நடவுக்கு மானியம் வகுப்போர் மர எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளலாகாது. சான்றிதழ் பெற்ற நோயற்ற கன்று, வடிகால் வெட்டிய பாத்தி ஆகியவற்றை முன்நிபந்தனையாக்க வேண்டும். நாக்பூரிலுள்ள மத்திய நாரத்தை வகை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை மூவிலை ஆரஞ்சின் கலப்பின வேர்ச்செடிகளைச் சுண்ணாம்புக் கரிசலிலேயே, விவசாயிகளின் நிலத்திலேயே, மரம் முழுக் காய்ப்புக்கு வரும்வரை சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும். நாற்றங்கால் தொட்டியில் ஈராண்டு செழித்து நின்ற கன்று இதற்குச் சான்றாகாது.