என்ஜின் ஆயில்ல உப்புத்தண்ணி: ஒரு போர்க்கப்பலின் கதை

காய்ஞ்ச எண்ணெயில ஈரக் கரண்டியை விட்டா என்ன ஆகும்? படபடன்னு வெடிச்சு கையில தெறிக்கும். ஆம்லெட்டுக்கு மேல சமைக்கத் தெரியாத என்னை மாதிரி பேச்சிலர்களுக்குக் கூட இது அனுபவப் பாடம் :-)

கப்பல் என்ஜின் ரூம்ல இதையே ஒரு சோதனையா வெச்சிருக்காங்க. சுமார் 160 டிகிரி சூட்டுல இருக்கற தட்டுல என்ஜின் ஆயில் ஒண்ணு ரெண்டு சொட்டு விடணும். சத்தமில்லாம பரவினா கவலை இல்லை. குமிழ் விட்டுப் பொரிஞ்சா ஆயில்ல தண்ணி இருக்குன்னு அர்த்தம். பேரே 'கிராக்கிள் டெஸ்ட்'.

தண்ணி இருக்கான்னு கண்டுபிடிக்கறது இவ்வளவு சுலபம். ஆனா கண்டுபிடிச்ச பிறகும் ஒரு கப்பல் என்ஜின் துருப்பிடிச்சு வீணாப் போச்சு. 2016ல அமெரிக்கக் கடற்படையில நடந்த அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல, தண்ணி உள்ள எப்படி வருது? கப்பல் என்ஜினைக் குளிர வைக்க கடல் தண்ணியவே பம்ப் வெச்சு இழுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா ஓட விட்டு, திரும்ப கடல்லயே விட்டுடுவாங்க. பல என்ஜின்கள்ல அந்த பம்ப்பை என்ஜினே பல்சக்கரம் வழியா ஓட்டும். அதாவது பம்ப்போட ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆயில். நடுவுல இருக்கறது ஒரு சீல் மட்டும்தான். சின்ன படகு என்ஜின்கள்ல ரெண்டு சீல் வெச்சு, நடுவுல இடைவெளி விட்டு, அடியில ஒரு குட்டி ஓட்டை போட்டிருப்பாங்க. சீல் போனா அந்த ஓட்டை வழியா வெளிய சொட்டும், நாம உஷாராயிடலாம். ஓட்டையில அழுக்கு அடைச்சுக்கிச்சுன்னா? தண்ணி உள்ள போக ஆரம்பிச்சிடும். இது தவிர ஆயில் கூலர் குழாய் அரிச்சுப் போறது, ஹெட் கேஸ்கெட் போறதுன்னு வேற வழிகளும் உண்டு.

அறிகுறிகள் ரெண்டு. ஒண்ணு, ஊத்தாமலே டிப்ஸ்டிக்ல ஆயில் அளவு ஏறும். ரெண்டாவது, ஆயில் பால் விட்ட காபி கலருக்கு மாறும். ஆனா கலரை மட்டும் நம்ப முடியாது. கொஞ்சமா இருக்கற தண்ணி ஆயில்ல கரைஞ்சு போய் கண்ணுக்கே தெரியாது. இன்னொரு பக்கம், என்ஜின் சரியா சூடாகாம அடிக்கடி நிறுத்தினா, மூடிக்கு அடியில வெறும் ஆவி படிஞ்சு வெள்ளையா கொழகொழன்னு இருக்கும். அதைப் பாத்து பயந்து என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, எந்தத் தண்ணி? கூலன்ட் தண்ணின்னா பெரும்பாலும் கிளைக்கால் இருக்கும். கடல் தண்ணின்னா சோடியமும் மெக்னீசியமும் இருக்கும், அதுவும் சோடியம் கிட்டத்தட்ட 8 மடங்கு அதிகமா. அந்த விகிதம் தெரிஞ்சா லேப்ல 'இது கடல்'னு சொல்லிடலாம். ஆனா சில ஆயில்கள்ல மெக்னீசியத்தை கம்பெனியே சேர்த்திருப்பாங்க. அதனால பிரிக்காத புது ஆயிலையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடணும்.

இந்த அறிவெல்லாம் ஒரே நாள்ல வந்ததில்லை. அயோடின், சல்ஃபர் டை ஆக்ஸைடு, தண்ணி மூணும் சேர்ந்தா நடக்கற வினையை 1853லயே ஜெர்மன் வேதியியலாளர் புன்சன் எழுதி வெச்சார். அதை வெச்சு 1935ல கார்ல் ஃபிஷர்னு இன்னொரு ஜெர்மன்காரர், ஒரு திரவத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு துல்லியமா அளக்க வழி சொன்னார். இன்னிக்கும் லேப்கள்ல அவர் பேர்லயே அந்தச் சோதனை நடக்குது. 1946ல அமெரிக்காவோட டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் கம்பெனி, டீசல் ரயில் என்ஜின்களோட பழைய ஆயில்ல இருக்கற உலோகங்களைப் பாத்து, உள்ள என்ன பாகம் தேயுதுன்னு சொல்ல ஆரம்பிச்சது. 1950கள்ல அமெரிக்கக் கடற்படை அதையே விமான என்ஜின்களுக்கு எடுத்துக்கிச்சு. ஆயிலைப் பாத்து என்ஜினோட நோயைச் சொல்றது அவங்களுக்கு பழகின வித்தை.

அந்தக் கடற்படையோட கப்பல்தான் யூ.எஸ்.எஸ். ஃப்ரீடம். 2008 நவம்பர்ல பணியில சேர்ந்தது. ரெண்டு கேஸ் டர்பைன், ரெண்டு டீசல் என்ஜின், 40 நாட்டுக்கு மேல வேகம். அதாவது மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர். 2016 ஜூலை 11 அன்னிக்கு ரிம்பாக் கடற்பயிற்சியில இருந்தப்ப, 2ம் நம்பர் டீசல் என்ஜின்ல கடல்தண்ணி பம்ப்போட சீல் கசிஞ்சு, உப்புத்தண்ணி ஆயிலுக்குள்ள போயிடுச்சு.

இது மர்மமே இல்லை. அவங்களுக்கு அப்பவே தெரியும். ஜூலை 13ல சான்டியாகோ துறைமுகத்துக்கு வந்தாங்க. ஆனா வந்த காரணம் வேற, இதுக்கு சம்பந்தமில்லாத இன்னொரு ஆயில் கசிவு. 19ம் தேதி வரைக்கும் அங்க இருந்தப்பவே உப்புத்தண்ணி போன ஆயில் சிஸ்டத்தையும் சுத்தம் பண்ணாங்க. 19ம் தேதியே மறுபடி கடலுக்குப் போய், கேஸ் டர்பைன்லயே ஓடி பயிற்சியை முடிச்சு 28ம் தேதி திரும்பினாங்க.

ஆகஸ்ட் 3. என்ஜினை சோதனை பண்ணிப் பாத்தா உள்ள துருவும் உப்புத்தண்ணியும் சேர்ந்து பெரிய சேதம். என்ஜினைக் கழட்டி எடுத்து புதுப்பிக்கணும், இல்லைன்னா வேற மாத்தணும்னு கடற்படை அறிவிச்சது. தண்ணி புகுந்து சரியா 23 நாள்.

ஏன்? ஆயிலை மாத்திட்டா தண்ணி போயிடும், உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. மூலை முடுக்குல, பேரிங் ஓரத்துல, குழாய் வளைவுல தங்கிடும். ஆயில் படலம் விலகின இடத்துல இரும்பு வெறுமையா நிக்கும். அதனால புது ஆயில் ஊத்தி, சூடாக ஓட்டி, வடிச்சு, மறுபடி ஊத்தி, சாம்பிள் சுத்தமா வர்ற வரைக்கும் விடாம செய்யணும். ஓட்டிப் பாக்கறப்ப துரு சத்தம் போடாது. அது பாட்டுக்கு அமைதியா வேலை பாக்கும்.

இதே வகைக் கப்பல்கள்ல இது முதல் அடி கூட இல்லை. 2015 டிசம்பர்ல மில்வாக்கி, ஆயில் ஃபில்டர்ல உலோகத்தூள் வந்து, நடுவழியில நின்னு, கட்டி இழுத்து வரப்பட்டது. 2016 ஜனவரியில சிங்கப்பூர்ல ஃபோர்ட் வொர்த், போதுமான ஆயில் இல்லாம கியரை ஓட்டி சேதமாச்சு. ஃப்ரீடத்துக்கு அப்புறம், 2016 செப்டம்பர்ல அந்த வகைக் கப்பல் குழுக்கள் எல்லாம் வேலையை நிறுத்தி என்ஜின் நடைமுறைகளை மறுபடி பாக்கணும்னு உத்தரவு வந்தது. நவம்பர்ல ஃப்ரீடம் கேப்டனோட பதவி போச்சு. கப்பலுக்கே 2021 செப்டம்பர்ல, 13 வருஷத்துல, ஓய்வு குடுத்துட்டாங்க. அதுக்கு இந்த ஒரு என்ஜின் காரணம் இல்லை. அது தனிக் கதை.

பொட்டி தட்டற எனக்கு இந்தக் கதையில உறுத்தறது அந்த ஜூலை 19தான். எங்க ஆபீஸ்லயும் இதே நடக்கும். கோளாறு தெரியும், காரணமும் தெரியும், அவசரமா ஒண்ணு மாத்துவோம். ஓட்டிப் பாத்தா ஓடும். டிக்கெட்டை மூடிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். 'ஓடுது'ங்கறதும் 'சரியாயிடுச்சு'ங்கறதும் ஒண்ணுன்னு நினைக்கற அந்த நிமிஷம் எனக்கு நல்லா பழக்கம். என் தப்பு ஒரு ராத்திரி தூக்கத்தோட போயிடும். அங்க ஒரு என்ஜினும் ஒருத்தரோட பதவியும் போச்சு.

கப்பல்ல வேலை பாக்கற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, நான் எங்கயாவது தப்பா எழுதியிருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. உங்க என்ஜின் ரூம் கதைகளையும் சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு.