கல்லை அமுக்கினால் கரன்ட் வருமா?

ஏற்காட்டின் இருபது ஹேர்பின் வளைவுகளில் ஏறும்போது பக்கத்தில் தெரியும் கரும்பாறை சாதாரண ஆசாமி இல்லை. பெயர் சார்னகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் சமாதிக்குச் சென்னைப் பக்கமிருந்து போன கல்லை ஆராய்ந்து, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இதே இனம்தான்.

இதில் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸை அமுக்கினால் மின்சாரம் வரும் என்று 1880-ல் பாரிஸில் ழாக், பியர் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். பெயர் பீஸோ மின்சாரம். அப்படியென்றால் ஏற்காடு மலையே ஒரு பவர் ஹவுஸா? ஊஹூம். பாறைக்குள் குவார்ட்ஸ் துணுக்குகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. ஒன்று கொடுப்பதை இன்னொன்று கழித்துவிடும். கூட்டணி ஆட்சி மாதிரி.

இதே நியாயப்படி, பொடியைச் சுட்டுச் செய்யும் பீங்கானிலும் பீஸோ வராது என்றுதான் நினைத்தார்கள். 1940-களில் அமெரிக்காவில் பேரியம் டைட்டனேட் பீங்கானுக்குப் பலத்த வோல்ட்டேஜ் கொடுத்தார்கள். உள்ளே துணுக்குகளின் மின்திசைகள் வரிசைக்கு வந்தன. வோல்ட்டேஜை எடுத்த பிறகும் பெரும்பாலும் அப்படியே நின்றன. குவார்ட்ஸிடம் இந்த வித்தை பலிக்காது. உங்கள் வீட்டு காஸ் லைட்டரில் பொறி வருவது இந்தப் பீங்கான் பரம்பரையால்தான்.

க்யூரிகளுக்கே ஒரு விஷயம் தப்பியது. மின்சாரம் கொடுத்தால் கல் அசையும் என்று 1881-ல் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் சோதித்துப் பார்த்து, ஆமாம் என்றார்கள். 1965 வரை ஏற்காடு இருக்கும் அதே சேலம் ஜில்லாவில் இருந்த ஓசூரில், டைட்டன் செய்த குவார்ட்ஸ் வாட்சுகளுக்குள் கல் செகண்டுக்கு 32,768 தடவை அதிர்வது இதனால்தான்.

இந்த அசைவை வைத்துக் கருவி செய்பவர்கள் இன்றும் சறுக்குகிறார்கள். கல் தாராளமாக நகரும் என்று எதிர்பார்ப்பது முதல் தப்பு. நல்ல பீங்கானே ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீளும், 10 மி.மீ. துண்டு 10 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. அடுத்தது, வோல்ட்டேஜுக்குச் சரியாகக் கீழ்ப்படியும் என்பது. ஏற்றும்போது ஒரு நீளம், இறக்கும்போது அதே வோல்ட்டேஜில் வேறு நீளம்! தவிர, அமுக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். ரொம்பச் சூடானால் வரிசை கலைந்து வெறும் பீங்கானாகிவிடும். அந்த வெப்பநிலைக்கும் பியர் க்யூரியின் பெயர்தான்.

இத்தனை கஞ்சத்தனமான அசைவால் என்ன லாபம் என்கிறீர்களா? 1981-ல் ஜூரிக்கில் பின்னிக், ரோரர் இருவரும் ஊசிமுனையை இப்படி அணு அணுவாக நகர்த்தித்தான் பொருளின் மேற்பரப்பைப் படமெடுத்தார்கள். 1986-ல் நோபல் பரிசு. தாராளமாக நகரும் மோட்டாருக்கு அது சாத்தியமே இல்லை.