அடி தெரியும்வரை

மேக்கப் விளம்பரங்களில் எப்போதும் புதுப் பவுடரைத்தான் காட்டுவார்கள். வழவழப்பாக, விரல் படாமல், நடுவில் நிறுவனத்தின் பெயர் பொறித்து அது அமர்ந்திருக்கும். பவுடர் தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து, அடித் தகரம் எட்டிப் பார்க்கும் காட்சியை எந்த நிறுவனமும் படம்பிடித்துப் போட்டதில்லை. அந்தக் காட்சியைக் கொண்டாட ஒரு கூட்டம் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிளம்பியது. தாங்கள் செய்வதற்கு அவர்கள் வைத்த பெயர் 'புராஜெக்ட் பான்'. பவுடரை அழுத்தி வைத்திருக்கும் சின்னத் தகரக் கிண்ணம்தான் பான். வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் பத்துப் பொருள்களைப் பொறுக்கி எடுப்பது, அவை தீரும்வரை புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று சபதம் செய்வது, மாதாமாதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டுவது என்று அது வளர்ந்தது. பாட்டிலின் மேல் மார்க்கரால் கோடு போட்டு அளவு பார்த்தவர்களும் உண்டு.

பவுடர் தீர்ந்துபோனதற்காகப் பாராட்டு வாங்குவது எந்தக் காலத்துப் பெண்ணுக்கும் வேடிக்கையாக இருந்திருக்கும். பூசினால் தீரும், தீர்ந்தால் வாங்க வேண்டும். இதில் சாதனை எங்கிருந்து வந்தது? மேக்கப் சாதனங்களின் நீண்ட வரலாற்றில், தீர்ப்பதே கடினம் என்ற நிலை மிகச் சமீபத்தில் வந்தது. அதை உருவாக்கியதில் பெரும் பங்கு ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கு உண்டு. பல நிறங்களை ஒன்றாக அடுக்கிய பேலட்தான் அது.

பெயரளவில் பேலட்டுக்கு வயது ஐயாயிரத்துக்கு மேல். எகிப்தில் மன்னர்கள் ஆளத் தொடங்கும் முன்பே, வாதி ஹம்மாமத் பள்ளத்தாக்கில் வெட்டிய சாம்பல் பச்சைப் பாறையைத் தட்டையாக இழைத்து, அதன் மேல் கண் மை அரைத்தார்கள். பச்சைக்கு மலக்கைட், கறுப்புக்குக் கலீனா என்ற காரீயத் தாது. மீன், ஆமை, பறவை உருவங்களில் செதுக்கிய இந்தக் கற்களை இறந்தவர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். சிலவற்றில் அரைத்த பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது நார்மர் பேலட். குய்பெல், கிரீன் என்ற இரு ஆங்கிலேயத் தொல்லியலாளர்கள் ஹியராகொன்போலிஸில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் இரண்டடி. இரண்டு விலங்குகளின் நீண்ட கழுத்துகள் பின்னிக்கொள்ளும் இடத்தில் மை அரைப்பதற்கான வட்டக் குழி இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய கல்லை யாரும் கண் மைக்காக மடியில் வைத்து அரைத்திருக்க மாட்டார்கள். கோயிலுக்குக் காணிக்கையாகச் செய்த சடங்குப் பொருள் அது என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. பூசுவதற்கு அல்லாமல் வைத்துப் பார்ப்பதற்கென்றே பேலட் செய்யும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

சிக்கனமாகத் தீர்க்கும் கலையைப் பார்க்க வேண்டுமானால் எடோ காலத்து ஜப்பானுக்குப் போக வேண்டும். அங்கே உதட்டுச் சாயத்துக்குப் பெயர் பெனி. குசும்பாப் பூவிலிருந்து எடுப்பது. அந்தப் பூவில் மஞ்சள் நிறம்தான் மிகுதி, சிவப்பு நூற்றில் ஒரு பங்கு அளவுதான் தேறும். மஞ்சளைத் தண்ணீரில் அலசி வெளியேற்றி, மிஞ்சும் சிவப்பைத் திரட்டிச் சின்னப் பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் பூசிக் காயவைப்பார்கள். நல்ல பெனி காய்ந்ததும் சிவப்பாகத் தெரியாது, பொன்வண்டின் முதுகுபோலப் பச்சையாக மின்னும். நனைத்த தூரிகை பட்டதும் சிவப்பு திரும்பிவிடும். எடைக்கு எடை தங்கம் என்று அதன் விலையைச் சொல்வது வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழுதட்டில் பெனியை அடுக்கடுக்காகப் பூசி, உதட்டையே பச்சையாக மின்ன வைப்பது நாகரிகமானது. நாடக நடிகர்களும் கேளிக்கை விடுதிப் பெண்களும் செய்ததைப் பார்த்து ஊரெல்லாம் ஆசைப்பட்டது. ஒரே தடவையில் அவ்வளவு பெனியைச் செலவிட எத்தனை பேரால் முடியும்? முடியாதவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். முதலில் எழுதும் மையை உதட்டில் தடவி, அதன் மேல் மெல்லிசாகப் பெனி பூசினால் அதே பச்சை கிடைத்தது. இருப்பதை நீட்டித்துப் பயன்படுத்தும் உத்திகளில் இதை மிஞ்சியது அபூர்வம். கிண்ணம் காலியானால் அதைக் கடைக்கு எடுத்துப்போனால் போதும், மறுபடி பூசித் தருவார்கள். 1825-ல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தொடங்கிய இசேஹான் கடை இன்றும் அங்கே பெனி விற்கிறது.

மேற்கே, தீர்ந்ததை மறுபடி நிரப்பும் இதே வேலையைச் செய்தது காம்பாக்ட். முதல் உலகப் போருக்குப் பிறகு, பெண்கள் வெளியிடத்தில் கண்ணாடி எடுத்து மூக்கில் பவுடர் ஒற்றிக்கொள்வது சகஜமானபோது, கைப்பைக்குள் அடங்கும் இந்த மூடிவைத்த டப்பா பெருகியது. வெள்ளி, பித்தளை, எனாமல் என்று வகைகள். இங்கிலாந்தில் ஸ்ட்ராட்டன், அமெரிக்காவில் எல்ஜின் போன்ற நிறுவனங்கள் காம்பாக்ட் செய்தன, பவுடர் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ள வேண்டும். பிறந்தநாளுக்கோ கல்யாணத்துக்கோ பெயரின் முதலெழுத்துப் பொறித்துக் கொடுத்த டப்பாவைத் தூக்கி எறிவது பற்றி யாரும் நினைக்கவில்லை. தீர்ந்த பவுடருக்கு மட்டும் காகிதப் பொட்டலத்திலோ தகரக் கிண்ணத்திலோ ரீஃபில் வந்தது. டப்பா சொத்து, உள்ளே இருப்பது செலவு.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் அரசு 1940-ல் கொண்டுவந்த வரம்பு ஆணை, மேக்கப் உற்பத்தியைப் போருக்கு முந்தைய அளவில் கால்வாசியாக வெட்டியது. கிளிசரின் வெடிமருந்துக்குப் போனது. கொழுப்பும் எண்ணெயும் ஆல்கஹாலும் வேறு வேலைகளுக்குப் போயின. லிப்ஸ்டிக் குழலுக்கான பித்தளை தோட்டா உறையானது. துணிக்கும் உணவுக்கும் கூப்பன் இருந்ததுபோல் மேக்கப்புக்குக் கூப்பன் கிடையாது, அதனால் யாருக்கும் உறுதியான பங்கும் கிடையாது. சரக்கு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கள்ளச் சந்தையில் கிடைத்ததைப் பூசித் தோல் வெந்துபோனவர்களும் இருந்தார்கள்.

லிப்ஸ்டிக் குழலின் அடியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், திருகினால் மேலே வராது. அதைத் தீக்குச்சியால் தோண்டி எடுத்து, பல மிச்சங்களை ஒன்றுசேர்த்து, வெந்நீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கி, சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி உறையவைத்தார்கள். நிறங்கள் கலந்து என்ன நிறம் வந்தாலும் அதுதான் அந்த மாதத்து நிறம். ஒன்றுமே இல்லாதபோது உதட்டுக்குப் பீட்ரூட் சாறு, புருவத்துக்குக் கருக்கிய கார்க், பட்டுக் காலுறைக்குப் பதில் காலில் தடவக் குழம்புக்கு நிறமேற்றும் பழுப்புத் தூள். மழை பெய்தால் அந்தக் கால்களின் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியமும் 1942-ல் மேக்கப் தயாரிப்புக்குக் கடிவாளம் போட்டுப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில மாதங்களிலேயே தளர்த்திவிட்டது. ஆனால் உலோகம் கிடைக்கவில்லை என்பதால் லிப்ஸ்டிக் அட்டைக் குழலிலும் பிளாஸ்டிக்கிலும் வந்தது. போருக்குப் பின் பித்தளை திரும்பி வந்தாலும், மலிவான பிளாஸ்டிக் உறை போகவில்லை. டப்பாவின் விலை உள்ளே இருப்பதன் விலையைவிடக் குறைந்த பிறகு, டப்பாவைப் பாதுகாக்க யாருக்கு என்ன அவசியம்?

தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு பெயர் போருக்குச் சற்று முன்புதான் வந்தது. ஹாலிவுட்டில் வண்ணப் படம் வந்தபோது, பழைய பசை மேக்கப் கேமராவில் மினுங்கியது. அதற்காக மேக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் உருவாக்கியது பான்கேக். தட்டையான தகரக் கிண்ணத்தில் இறுக்கிய கட்டி, ஈரப் பஞ்சால் தேய்த்து எடுத்துப் பூச வேண்டும். படத்தில் நடித்த பெண்களே அதை வீட்டுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு கிளம்ப, 1938-ல் கடைக்கும் வந்தது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் இந்தப் பான்கேக் லாரி லாரியாக இறங்கியதை அசோகமித்திரன் தம் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அங்கே மேக்கப் அறையில் கறாரான படிநிலை இருந்தது. கதாநாயகன், கதாநாயகி முகத்தைத் தலைமை ஒப்பனையாளர் மட்டுமே தொடுவார். கும்பல் காட்சிக்கு வரும் கூட்டத்தின் முகங்கள் 'ஆபீஸ் பாய்' பொறுப்பு. அவர் ஒரு பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கலக்கி, சுவருக்கு வெள்ளையடிக்கிற வேகத்தில் அத்தனை முகத்திலும் அடித்துவிடுவாராம். மேக்கப்பைத் தீர்ப்பது பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லாத இடம் அது.

கடைக்காரர்களின் உலகில் திருப்பம் மெல்ல வந்தது. 1984-ல் டொரோண்டோவில் தொடங்கிய மேக் நிறுவனம் ஐ ஷேடோவைத் தனித்தனியாக விற்றது. வேண்டிய நிறத்தை வாங்கிக் காலித் தட்டில் அடுக்கிக்கொள்ளலாம், தீர்ந்த நிறத்தை மட்டும் மாற்றலாம். ஆறு காலி டப்பாக்களைக் கொண்டுவந்தால் ஒரு லிப்ஸ்டிக் இலவசம் என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தது. தீர்ந்ததை மட்டும் மாற்றுவது ஒப்பனைத் தொழிலாளிகளின் பழக்கம். அவர்களுக்குச் சரக்கு உண்மையிலேயே தீரும்.

2010-ல் அர்பன் டிகே நிறுவனம் 'நேக்கட்' பேலட்டை வெளியிட்டது. பழுப்பும் செம்பும் வெண்கலமுமாகப் பன்னிரண்டு நிறங்கள். தனியாக வாங்கினால் சில நிறங்களுக்கு மட்டுமே ஆகும் காசில் பன்னிரண்டும் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்க்கிற யாருக்கும் இது லாபம்தான். பிறகு எல்லா நிறுவனங்களும் பேலட்டில் இறங்கின. பதினான்கு, பதினெட்டு என்று ஏறி, மார்ஃபி நிறுவனத்தின் முப்பத்தைந்து நிறத் தட்டுகள் யூடியூப் ஒப்பனைக்காரர்களின் மேசைகளில் குவிந்தன. பருவத்துக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, சினிமா வெளியீட்டுக்கு ஒன்று.

ஆனால் அந்த லாபக் கணக்கில் ஒரு எண்ணை யாரும் சேர்க்கவில்லை. நேக்கட் பேலட்டில் ஒரு நிறத்தின் அளவு சுமார் 1.3 கிராம். ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிறம் 130 தடவை வரும். பன்னிரண்டு நிறமும் சேர்ந்தால் 1,560 தடவை. தினமும் மூன்று நிறம் பூசினாலும் 520 நாள் வேண்டும், அதுவும் வேறு எந்தப் பேலட்டையும் தொடாமல். முப்பத்தைந்து நிறத்துக்கும் இதே அளவு என்று வைத்தால் நான்கு ஆண்டு தாண்டும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று காட்ட, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கட்டாயமான திறந்த டப்பாப் படக் குறியோ, பவுடர்களில் பெரும்பாலும் 12 மாதம், 24 மாதம் என்று போட்டிருக்கும். பெரிய தட்டுகளில் தீர்ப்பதற்குள் காலாவதியாகும்படிதான் அளவே இருக்கிறது.

எல்லா நிறமும் சமமாகக் குறைவதுமில்லை. கண்ணிமை முழுதும் பூசும் தந்த நிறமும் மடிப்பில் இழுக்கும் மங்கிய பழுப்பும் முதலில் தகரத்தைக் காட்டும். மினுமினுக்கும் நீலமும் ஊதாவும் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். பேலட் வாங்க வைத்ததே அந்த நீலம்தான் என்பது இதில் உள்ள கொடுமை.

தீராததே தரம் என்ற எண்ணமும் இதற்குள் ஊறிவிட்டது. 2017-ல் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு பேலட்டில் பவுடர் தளர்வாக அழுத்தப்பட்டிருந்ததால், சில தடவை தூரிகை வைத்ததுமே அடித் தகரம் தெரிந்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் கடைசித் துகள் வரை பூசித் தீர்க்கும் எண்ணம் எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்கவும் இடம் இருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் புராஜெக்ட் பான் புரிகிறது. காம்பாக்ட் காலத்தில் ரீஃபில் கடை தானாகச் செய்த வேலையை இவர்கள் மன உறுதியால் செய்யப் பார்க்கிறார்கள். அதற்கென்று ஒரு கைவினையே வளர்ந்திருக்கிறது. அடர்ந்த பழுப்பை ஈரத் தூரிகையால் தொட்டு ஐ லைனராக இழுப்பது, இளஞ்சிவப்பைக் கன்னத்துக்கு மாற்றுவது, சாம்பல் பழுப்பைப் புருவத்துக்கு ஒதுக்குவது. உடைந்த பவுடரை ஆல்கஹால் தெளித்துக் குழைத்து, நாணயத்தால் அழுத்தி மறுபடி உட்காரவைப்பதும் உண்டு.

எல்லாவற்றையும் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு எல்லை உண்டு. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், உபயோகத்தில் இருந்த 467 பொருள்களைச் சோதித்தார்கள். மஸ்காரா, ஐ லைனர், உதட்டுச் சாயம், பூசும் பஞ்சு ஆகியவற்றில் வகைக்கேற்ப 79 முதல் 90 சதவீதம் வரை கிருமி இருந்தது. பஞ்சை ஒருநாளும் கழுவாதவர்கள் நூற்றுக்கு 93 பேர். உலர்ந்த பவுடரில் ஈரம் இல்லாததால் கிருமி எளிதில் வளராது, பேலட் பிரியர்களுக்கு அது ஆறுதல். மூன்று மாதம் தாண்டிய மஸ்காராவைத் தீர்க்கிறேன் என்று கண்ணில் வைப்பதைச் சிக்கனத்தில் சேர்க்க முடியாது.

நேக்கட் பேலட்டை 2018-ல் அர்பன் டிகே நிறுத்தியது. அதற்கு ஒரு போலி இறுதிச் சடங்கு வீடியோவும் போட்டது. கையில் ஏற்கெனவே ஒன்று பாதி தீராமல் இருந்தவர்களும் தள்ளுபடியில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். மார்ஃபியின் தாய் நிறுவனம் 2023 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது, அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன. இப்போது பேலட்டைப் பிரித்துப் போடுவதும் ஒரு பழக்கமாகியிருக்கிறது. தட்டைச் சூடுகாட்டிப் பசையை இளக்கி, பயன்படுகிற தகரக் கிண்ணங்களை மட்டும் நெம்பி எடுத்து, காந்தம் ஒட்டிய காலிப் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். மிஞ்சுவது அட்டையும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் பசையால் ஒன்றாக ஒட்டிய ஒரு கூடு. அதைப் பிரித்து மறுசுழற்சிக்கு எடுக்க எந்தக் குப்பைக் கிடங்குக்கும் ஆர்வமில்லை.