அச்சும் ஊசியும்

ஆண்டிப்பட்டியை ஒட்டிய சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நெய்யப்படும் பருத்திச் சேலைக்கு அகலம் நடுவில் மாறாது. பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், தறியின் அச்சில் ஏறும்போதே அது முடிவாகிவிடும். கரையோ பூவோ அந்த எல்லைக்குள்தான்.

ஊசிப் பின்னல் வேறு உலகம். அங்கே துணி பின்னப் பின்ன விரியும். ஸ்வெட்டர் கையை மணிக்கட்டில் தொடங்கினால், தோளை நெருங்க நெருங்கக் கண்ணிகள் கூட வேண்டும். ஒரு பூவுக்கு 6 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 4 வரிசைக்கு ஒருமுறை ஓரத்துக்கு ஒன்றாகக் கூட்டினால், 24 வரிசை கடந்த பிறகே இருபுறமும் முழுப் பூவுக்கு இடம் கிடைக்கும். அதுவரை புதுக் கண்ணிகள் பூவில்லாமல் காத்திருக்கும். ஓரத்தில் எண்ணிக்கை பிசகினால் நடுப்பூவே இடம் மாறிவிடும். எத்தனை பொறுமை வேண்டும் இதற்கு!

இங்கிலாந்தில் 1589-ல் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறி செய்தார். அதிலும் கண்ணியைக் கூட்டுவதும் குறைப்பதும் கைவேலைதான். அதை இயந்திரமே செய்யும் பொறிக்கு 1864-ல் வில்லியம் காட்டன் காப்புரிமை பெற்றார்.

திருப்பூர் பனியன் வேறு பாதையில் போனது: வட்டப் பொறியில் குழாயாகப் பின்னி, வடிவத்தைக் கத்தரியிடம் விட்டது. வேகம் கூடியது, கண்ணி எண்ணும் கை ஓய்ந்தது.

கைத்தறியிலோ, பழைய பாவு தீர்ந்ததும் புதியதை அச்சில் பிணைப்பவர் ஒவ்வோர் இழையாகத்தான் முறுக்கிச் சேர்க்கிறார்.